முயல்கூடு வரைக்கும் ஒரு தளம்

எனக்குக் கோபம் வந்தால் புத்திக்கு முன்னால் வாய் போய் நிற்கும். இந்தக் குணத்தால் நான் கெடுத்துக்கொண்ட காரியங்கள் பல. வேலை போயிருக்கிறது, சிநேகிதம் போயிருக்கிறது, ஒரு கலியாணப் பேச்சுக்கூட முறிந்திருக்கிறது. அதெல்லாம் என் தலையில் விழுந்தவை, போகட்டும். வெளிநாட்டில், லாங்கன்தால் என்ற சிறு நகரில், ஓர் ஒக்ரோபர் மாதத்துப் பின்னேரம் நான் வாயை விட்டது மட்டும் இன்னொரு மனிதரின் தலையில் போய் விழுந்தது. அந்த மனிதருடன் நான் அதற்கு முன் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த எங்கள் இருவரை நகரசபை ஒரு வயதான தம்பதியின் வீட்டு மேல்மாடியில் குடிவைத்திருந்தது. என்னுடன் இருந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவேன். எனக்கு ஒரு வருடம் முந்தி வந்தவர், டொச், அதாவது ஜெர்மன் மொழி, ஓரளவு கதைப்பார், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த உணவகத்தில் பின்னேரங்களில் கோப்பை கழுவினார். எனக்கு வேலை செய்ய இன்னும் அனுமதி வரவில்லை. காலையில் எழும்பி ஜன்னலருகில் நிற்பேன். ரயில் போகும். தபால்காரர் வருவார், எனக்கு ஒன்றும் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டுப் போவார். ஊரிலிருந்து ஏழு வாரமாகக் கடிதம் இல்லை. இரண்டு கையும் நல்ல திடகாத்திரமாக இருந்தும் அவற்றை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் இருந்தேன். சும்மா இருப்பதைப் போன்ற தண்டனை வேறில்லை.

வீட்டுக்கார அம்மாவை நாங்கள் எங்களுக்குள் "மனிசி" என்போம். எழுபதை நெருங்கிய, மெலிந்த, ஓடியாடித் திரிகிற பெண். அவருடைய கணவருக்கு அந்தக் கோடையில் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. நாங்கள் அந்த வீட்டுக்கு வந்தபோதே அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். மனிசி ஒவ்வொரு மதியமும் அவரைப் பார்க்கப் போய் ஐந்து மணிக்குத் திரும்புவார். வீட்டுக்குப் பின்னால், தோட்டத்தின் கடைசியில், கணவர் வளர்த்த ஆறு முயல்கள் ஒரு மரக்கூட்டில் இருந்தன. அவற்றுக்குப் புல்லும் கரட் இலையும் போடுவது என் வேலையாகிவிட்டது. எனக்கு இருந்த ஒரே வேலை அது.

குசினியின் பின்கதவைத் திறந்தால் இரண்டு படி, அதற்குக் கீழே பலகைத் தளம். மழையிலும் பனியிலும் கிடந்து கறுத்துப்போன பலகைகள். சில இடங்களில் கால் வைத்தால் முனகும், சில இடங்களில் முனகாமலே உள்ளே போகும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கணவர் நாற்பது வருடம் மேசன் வேலை செய்தவர்.

"ஊரிலை பாதி வீட்டுக்கு நிலம் போட்டது இந்த மனிசன்தானாம்," என்று அண்ணை மொழிபெயர்த்துச் சொன்னார். "தன்ரை வீட்டுக்கு மட்டும் அடுத்த வருசம், அடுத்த வருசம் எண்டு சொல்லிச் சொல்லிப் பலகையோடையே விட்டிட்டாராம்."

மனிசி இதைச் சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை கணவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், சக்கர நாற்காலியில் வருகிறார் என்றார். கைப்பையைத் திறந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அதில் பென்சிலால் இரண்டு நீளமான காது வரைந்திருந்தது. கை நடுங்கி நடுங்கி இழுத்த கோடு. விழாத இடது கையால் அவர் வரைந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று மாதத்திலும் அவர் கேட்டது இந்த ஒன்றைத்தான், முயல்களிடம் போக வேண்டும். பலகைத் தளத்தில் சக்கரம் உருளாது. கட்டடக்காரர் ஒருவரைக் கேட்டதற்கு, வசந்தத்துக்கு முதல் முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

"அண்ணை, நான் போட்டுத் தாறன் எண்டு சொல்லுங்கோ," என்றேன்.

"எதை?"

"பலகையைக் கழட்டிப்போட்டு, முயல்கூடு வரைக்கும் கொங்கிறீற் நிலம். எனக்குச் சீமெந்து வேலை தெரியும்."

"உனக்கு எங்கையடா தெரியும்? நீ அங்கை ஆக்களின்ரை பேர் பதிஞ்சு கொண்டெல்லோ நிண்டனி?"

"ரெண்டு வருசம் நிண்டனான். சொல்லுங்கோ."

அண்ணை சொன்னார். மனிசி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நாடு விட்டு வந்த பிறகு யாரோ ஒருவர் என்னை ஏதாவது ஒன்றுக்கு உதவுவான் என்று நம்பியது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் நான் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தது நிஜம். காலையில் வேலையாட்களின் வரவு பதிவேன். மீதி நேரம் எனக்கு இருந்த பொறுப்பு ஒன்றே ஒன்று: புதிதாகப் போட்ட நிலத்தில் தண்ணீர் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. அங்கே வெயில் கொளுத்தும். போட்ட சீமெந்து சட்டென்று காய்ந்தால் வெடிக்கும். அதனால் நிலத்தைச் சுற்றி ஈர மண்ணால் சின்ன வரம்பு கட்டி, உள்ளே ஓர் அங்குலம் தண்ணீர் நிறைத்து, ஏழு நாள் வற்றவிடாமல் வைத்திருப்பார்கள். வற்றினால் முதலாளி என்னைத்தான் ஏசுவார். சாந்து பூசுகிற சாந்தகப்பையை நான் கையால் தொட்டது குறைவு. ஆனால் தண்ணீர் கட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் எண்ணம்.

பலகைகளைக் கழற்ற இரண்டு நாள் பிடித்தது. துருப்பிடித்த ஆணிகள் தலை உடைந்து உள்ளேயே நின்றன. அடியில் உடுப்பு மாட்டும் கவ்விகள் பதினைந்து இருபது, ஒரு றப்பர்ப் பந்து, ஒரு தேக்கரண்டி. தேக்கரண்டியை மனிசி உடனே அடையாளம் கண்டார். இது காணாமல்போய்ப் பன்னிரண்டு வருடம், இவ்வளவு நாளும் மைத்துனியைச் சந்தேகித்திருந்தேன் என்று சொல்லி, கழுவித் துடைத்துத் தட்டிலே போட்டார். உக்கின பலகைகளை விறகாக அரிந்து அடுக்கினோம்.

பிறகு மண்ணை வெட்டிச் சல்லி பரப்பி இடித்தோம். ஓரத்துக்குப் பலகை அடித்தோம். மனிசி சொல்லிவிட்ட கடையிலிருந்து சீமெந்து மூட்டைகள் வந்தன. கணவருடைய பழைய கலவை இயந்திரம் கொட்டிலில் இருந்தது. அண்ணை நாலு மணிக்கு வேலைக்குப் போகும்வரை என்னோடு நின்றார். முதுகு முறிந்தது, கை கொப்பளித்தது, நான் சந்தோஷமாக இருந்தேன். குசினிப் படியோடு ஒட்டி ஒரு சதுரம், மெல்லச் சரிந்து போகும்படி, அதிலிருந்து முயல்கூடு வரைக்கும் ஒரு பாதை. நீர்மட்டம் வைத்து வைத்துப் பார்த்தேன். வருகிறவர் மேசன் அல்லவா. அவர் கண்ணுக்குக் குறை தெரியக்கூடாது என்பதே என் கவலை. புதன்கிழமை கடைசித் தட்டு சீமெந்தையும் தேய்த்து முடித்தோம்.

வியாழக்கிழமை பின்னேரம் நிலம் நகத்தால் கீறுப்படாத அளவுக்கு இறுகியிருந்தது. நான் சுற்றிவர மண்ணால் வரம்பு கட்டினேன். சரிவாக இருந்ததால் குறுக்கேயும் ஐந்தாறு வரம்பு, வயலில் பாத்தி பிரிக்கிற மாதிரி. பூவாளி எடுக்கக் கொட்டிலுக்குப் போனேன். பூவாளிக்கு முன்னால் வைக்கோல் பாய்கள் சுருட்டிச் சுருட்டி அடுக்கியிருந்தன, எல்லாவற்றிலும் சீமெந்துத் திட்டு. ஒரு மேசனுக்கு இத்தனை வைக்கோல் பாய் எதற்கு என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு கணம்தான். அவற்றை இழுத்து ஒரு பக்கம் எறிந்துவிட்டுப் பூவாளியை எடுத்தேன்.

வேலைக்குப் புறப்பட்ட அண்ணை, கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு படியில் நின்றார்.

"தம்பி, இந்தக் குளிருக்குள்ளை தண்ணி தேவையோ? ஆரையும் ஒருக்காக் கேட்டுப் பாப்பமே?"

"சீமெந்தைப் பற்றி எனக்குச் சொல்லித் தராதேங்கோ," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீங்கள் போய்க் கோப்பையைப் பற்றிக் கதையுங்கோ."

அண்ணை ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். என் முகத்தை ஒருமுறை பார்த்தார். கழுத்துத் துணியை இறுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ஏழு நாளுக்கு நேரமில்லை, சனிக்கிழமை வரைக்காவது நிற்கட்டும் என்று நான் நாற்பது ஐம்பது பூவாளி தண்ணீர் ஊற்றினேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மனிசி குசினி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்து, "சவ்பர், சவ்பர்" என்று கைதட்டினார். சுத்தம் என்று அர்த்தம். நான் நிலத்தைக் கழுவுகிறேன் என்று நினைத்துவிட்டார். அந்த நாட்டில் ஒருவனுக்குக் கிடைக்கக்கூடிய ஆகப்பெரிய பாராட்டு அது. அந்த வாரம் முழுவதும் மூடிக்கிடந்த பனிமூட்டம் அன்று மாலை விலகி வானம் கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டு படுக்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை பின்கதவைத் திறந்தபோது தளம் முழுவதும் மினுங்கியது. என் வாழ்க்கையில் நிலத்தில் உறைந்த தண்ணீரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சீமெந்து நன்றாகப் பிடித்துப் பளபளப்பு ஏறிவிட்டது என்று நினைத்தேன். வாயெல்லாம் பல்லாக மேலே ஓடிப்போய் அண்ணையை எழுப்பிக் கூட்டிவந்தேன். அவர் படியில் நின்று பார்த்தார். குனிந்து விரலால் தட்டினார். "ஐஸ்," என்றார். நான் சொன்னனான் எல்லோ என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பேன்.

மதியம் வெயில் பட்டு ஐஸ் உருகியது. தண்ணீரைத் தும்புத்தடியால் கூட்டித் தள்ளினேன். தண்ணீரோடு நிலமும் வந்தது. கூட்டக் கூட்ட மேல்தோல் மணலாகக் கழன்றுகொண்டே இருந்தது. சப்பாத்துக் குதியால் மெல்ல அழுத்தினேன், பொரித்த அப்பளம் போல நொறுங்கியது. முயல்கூடு வரை போய்ப் பார்த்தேன். எல்லா இடமும் அப்படித்தான். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் எங்கே நன்றாக நின்றதோ அங்கே ஆழமாகப் போயிருந்தது. நாளைக்கு அவர் வருகிறார். நான் தும்புத்தடியைப் பிடித்தபடி முயல்களுக்கு முன்னால் குந்திவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன்.

ஐந்து மணிக்கு மனிசி வந்தார். பார்த்தார். வாயில் கையை வைத்துக்கொண்டார். அண்ணை அன்று வேலைக்குப் பிந்திப் போவதாகச் சொல்லிவிட்டு நின்றார்.

"என்ன நடந்தது எண்டு கேக்கிறா. என்ன சொல்ல?" என்றார் என்னிடம்.

"தெரியாது எண்டு சொல்லுங்கோ."

அண்ணை நொறுங்கிக் கிடந்த நிலத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு எனக்காக அந்தப் பொய்யைத் தன் வாயால் சொன்னார். மனிசி ஒரு கட்டியை எடுத்து நசுக்கிப் பார்த்துத் தாமே ஒரு முடிவுக்கு வந்தார். கடைக்காரன் பழுதான சீமெந்தைத் தந்துவிட்டான். உள்ளே போய்ப் போன் எடுத்தார். அந்த மெலிந்த உடம்புக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது எனக்குத் தெரியாது. ஒரு பாவமும் அறியாத கடைக்காரன் என் பங்கு ஏச்சை வாங்கிக்கொண்டிருந்தான். நான் படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு இரண்டு பேர் அவரைக் கொண்டுவந்து குசினியில் விட்டுப் போனார்கள். பெரிய உடம்பு, நாற்காலியில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இடது கை மட்டும் ஆளோடு சேராத மாதிரித் தடித்து, பலமாக, மடியில் கிடந்தது. மனிசி எங்களைக் காட்டி ஏதோ சொன்னார். அவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு அந்த இடது கை உயர்ந்து பின்கதவைக் காட்டியது.

படியில் பலகை போட்டு நாற்காலியை மெல்ல இறக்கினோம். இரண்டு முழம் போயிருப்போம், முன்சக்கரங்கள் பொருக்கில் புதைந்து நின்றன. தள்ளினேன், இன்னும் புதைந்தது. நானும் அண்ணையும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகலாம் என்று இரண்டு பக்கமும் பிடித்தோம். அவர் நாற்காலியின் கைப்பிடியில் ஓங்கி ஒரு அடி அடித்தார். தூக்க விடவில்லை. இறங்கி நின்று பார்க்க முடியாத மனிதர், அவருக்கு மிஞ்சியிருந்த மரியாதை அவ்வளவுதான் என்று இப்போது விளங்குகிறது.

அவர் பக்கவாட்டில் குனிந்தார். கையைக் கீழே விட்டு ஒரு சிட்டிகை பொருக்கை எடுத்துப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தேய்த்தார். நிதானமாகத் தேய்த்தார். பிறகு பார்த்தார். ஓரத்தில் நான் அகற்ற மறந்த மண் வரம்பு. குழாயடியில் பூவாளி. திறந்து கிடந்த கொட்டில் வாசலில் நான் எறிந்த வைக்கோல் பாய்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தார். அந்தக் கணத்தில் எனக்கும் விளங்கியது, அந்தப் பாய்கள் புதுச் சீமெந்தைக் குளிருக்குப் போர்த்தும் பாய்கள். நாற்பது வருடம் அவர் செய்ததை நான் ஒதுக்கி எறிந்துவிட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

அவரை உள்ளே கொண்டுவந்தோம். கையால் எழுதுகிற மாதிரிக் காட்டினார். மனிசி தாளும் பென்சிலும் கொடுத்தார். அவர் நேரமெடுத்து வரைந்தார். ஒரு வாளி, அதற்கு நீண்ட மூக்கு, மூக்கிலிருந்து துளிகள். பூவாளி. குழந்தைக்கும் தெரியும். வரைந்து முடித்துப் பென்சிலின் நுனியை என் பக்கம் நீட்டினார்.

மனிசி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன கேட்கிறார்?" என்று, பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வி விளங்குமளவுக்கு எனக்கு டொச் வந்திருந்தது. அண்ணை என்னைப் பார்த்தார். அவருக்கும் எல்லாம் விளங்கியிருந்தது. நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

"வாசர்," என்றேன். தண்ணீர் வேண்டுமாம்.

மனிசியின் முகம் மலர்ந்துவிட்டது. கணவர் கேட்டது விளங்கிவிட்ட சந்தோஷம். ஓடிப்போய்க் குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவர் வாயருகில் பிடித்தார். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பிறகு வாயைத் திறந்து குடித்தார். ஒரு பக்கத்தால் வழிந்ததை மனிசி ஏப்ரனால் துடைத்துவிட்டார். முழுவதையும் குடித்து முடித்தார். அதன் பிறகு அவர் பென்சிலைத் தொட்டதை நான் காணவில்லை.

அன்று மாலை சாம்பல் நிற முயலைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். இடது கையால் அதன் காதைத் தடவினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு முயலைக் கொண்டுபோனேன். மனிசி அந்தத் தாளைக் குழாய்க்கு மேலே சுவரில் குத்திவைத்தார், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். அண்ணையிடம் மன்னிப்புக் கேட்டேன். "என்னட்டைக் கேட்டு என்ன பிரயோசனம்?" என்றார். பனி விழுந்தது. நான் போட்ட தளம் பனிக்குள் மறைந்தது. அவர் குசினி ஜன்னலடியில் இருந்து முயல்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாசி மாதம் ஒருநாள் காலை அவர் எழும்பவில்லை.

வசந்தத்தில் கட்டடக்காரரின் ஆட்கள் வந்தார்கள். என் சீமெந்தை உடைத்து அள்ள அவர்களுக்கு அரைநாள்கூடத் தேவைப்படவில்லை. பொறுப்பாக வந்தவர் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு மனிசியிடம் சொன்னார், இது உறைபனி வேலை, யாரோ நனைத்துவிட்டுப் போர்த்தாமல் விட்டிருக்கிறார்கள் என்று. மனிசி கையை வீசி மறுத்தார். இல்லவே இல்லை, சீமெந்து பழுது. இந்தப் பிள்ளை அதை எவ்வளவு சுத்தமாகக் கழுவி வைத்திருந்தான் தெரியுமா என்றார். வந்தவர் என்னைப் பார்த்தார். ஆறு மாதம் வகுப்புக்குப் போயிருந்தேன். சொல்ல வேண்டிய வசனம் டொச்சில் முழுதாக, பிழையில்லாமல் என் நாக்கில் இருந்தது. எதற்கெடுத்தாலும் முந்துகிற வாய் அன்று திறக்கவில்லை.

அவர்கள் சாம்பல் நிறக் கற்களைப் பதித்து, முயல்கூடு வரைக்கும் நேர்த்தியான ஒரு தளம் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு சக்கரம் எங்கேயும் தடுக்காது. மனிசி குசினியிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டுவந்து நடுவில் வைத்தார். இதில் முதலில் இருக்க வேண்டியவன் நீதான், அவருக்காக நீ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் என்றார். இருந்தேன். உள்ளே போனவர் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

வாங்கி, முழுவதையும் குடித்தேன்.